தெரிந்த நாளும் சொன்ன நாளும்: கட்சிகளின் வேட்பாளர் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களே,

வணக்கம். சிங்கப்பூரில் 2025 மே மாதப் பொதுத்தேர்தலின் பதாகைகளைக் கழற்றிய கையோடு அடுத்த தேர்தலுக்கான ஆள்தேடல் தொடங்கிவிட்டது என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேநீர்ச் சந்திப்புகள் நடக்கும், புதுமுகங்கள் தொகுதி உலாக்களில் பின்வரிசையில் நடப்பார்கள், அடித்தளத் தொண்டர்கள் "இவர் யார்?" என்று காதோடு காதாகக் கேட்பார்கள். இந்தக் கட்டத்திலேயே உங்களிடம் சிலவற்றைச் சொல்லிவிட நினைக்கிறோம். நாங்கள் தணிக்கை, நிறுவனச் சட்டம், பொதுச்சேவை ஒழுங்குமுறை ஆகிய துறைகளில் வேலை பார்ப்பவர்கள். எந்தக் கட்சியிலும் இல்லை.

அமைச்சரவைக்கோ நாடாளுமன்றத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. அதிபர் பதவிக்கு நிற்பவர் நேர்மையும் நன்னடத்தையும் நற்பெயரும் உள்ளவர் என்பதில் அதிபர் தேர்தல் குழு மனநிறைவு கொள்ள வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு. நாடாளுமன்ற உறுப்பினரின் தகுதிகளைச் சொல்லும் 44ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி கிடையாது. குடியுரிமை, 21 வயது, வாக்காளர் பட்டியலில் பெயர், மொத்தம் பத்தாண்டு வசிப்பு, ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகியவற்றில் ஒன்றில் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிவது, இவ்வளவுதான். பிரதமரும் அமைச்சர்களும் வருவது இந்த 44ஆம் பிரிவின் வழியாகத்தான்.

அப்படியானால் வாக்காளர் எடை போடட்டுமே என்று நீங்கள் சொல்லலாம். குழுத்தொகுதியில் அது நடப்பதில்லை. நான்கைந்து பேரை மொத்தமாக ஏற்கலாம், மொத்தமாகத் தள்ளலாம். ஒருவர் நடுவில் விலகினால் இடைத்தேர்தலும் கிடையாது. 2024 ஜனவரியில், போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன் விலகியபின் வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் அவருடைய இடம் அடுத்த பொதுத்தேர்தல் வரை காலியாகவே கிடந்தது. 2025இல் மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸில் போட்டியே இல்லாமல் ஐந்து பேர் நாடாளுமன்றம் போனார்கள். ஆக, ஓர் ஆளைத் தனி ஆளாக நிறுத்திப் பார்க்கும் கடைசி இடம் பல நேரங்களில் உங்கள் மேசைதான்.

குணத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி வரும். தேர்வுக் குழுக்கள் பெரும்பாலும் கல்வி, பதவி, பேச்சு, தொண்டு என்று பார்க்கின்றன. மனோதத்துவச் சோதனை வைத்தாலும் கெட்டிக்காரர்கள் தேறிவிடுவார்கள். எங்கள் தொழிலில் நாங்கள் நம்பும் அளவுகோல் வேறு: ஒரு தவறோ சங்கடமோ ஓர் ஆளுக்குத் தெரிய வந்த நாளுக்கும், சொல்ல வேண்டியவரிடம் அவர் அதைச் சொன்ன நாளுக்கும் இடையே எத்தனை நாள்? தவறே செய்யாதவர் கிடைக்க மாட்டார். இந்த இடைவெளி குறைவாக உள்ளவர் கிடைப்பார்.

அண்மைக் காலத்தில் சிங்கப்பூரை உலுக்கிய மூன்று விவகாரங்களைப் பாருங்கள். கட்சி வேறு, தன்மை வேறு, கனமும் வேறு. இடைவெளி மட்டும் மூன்றிலும் உண்டு.

ஈஸ்வரன் 2022 டிசம்பரில் ஒரு தொழிலதிபரின் தனி விமானத்தில் தோஹா போய், வேறொரு விமானத்தில் வர்த்தக வகுப்பில் திரும்பினார். 2023 மே மாதம் வேறொரு விசாரணையில் அந்தத் தனி விமானத்தின் பயணிகள் பட்டியல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் கைக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. அதன் பிறகுதான் திரும்பி வந்த டிக்கெட்டுக்குத் தன்னிடம் பணம் வசூலிக்கும்படி கேட்டு 5,700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினார். டிசம்பரிலேயே கட்டியிருந்தால் அது ஒரு பயணச் செலவு. மே மாதம் கட்டியதால் அது நீதிக்கு இடையூறு விளைவித்த குற்றமாயிற்று. மற்ற நான்கு குற்றச்சாட்டுகள் தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவின்கீழ் வந்தவை. பதில் உதவி செய்ததாக நிரூபிக்க வேண்டியதே இல்லாத பிரிவு அது. தன் அலுவலோடு தொடர்புள்ளவரிடமிருந்து, தொடர்பு தெரிந்தே, விலை கொடுக்காமல் மதிப்புள்ள பொருளைப் பெற்றாலே போதும். அரசுத் தரப்பு கேட்டது ஆறு முதல் ஏழு மாதச் சிறை. 2024 அக்டோபர் 3 அன்று நீதிபதி விதித்தது 12 மாதம்.

பாட்டாளிக் கட்சியின் ரயீசா கான் 2021 ஆகஸ்ட் 3 அன்று நாடாளுமன்றத்தில் சொன்னது பொய். அதை அவர் அவையில் ஒப்புக்கொண்டது நவம்பர் 1 அன்று. அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 35,000 வெள்ளி. அந்த மூன்று மாதத்தில் கட்சிக்குள் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது பற்றிச் சிறப்புரிமைக் குழுவிடம் பொய் சொன்னதாகக் கட்சியின் தலைமைச் செயலாளர் பிரித்தம் சிங் 2025 பிப்ரவரியில் இரண்டு குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, தலா 7,000 வெள்ளி அபராதம் பெற்றார். டிசம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. ஆகஸ்டில் ஒரு வாரத்துக்குள் அவையில் திருத்தியிருந்தால் இதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது, நாடாளுமன்ற நாயகர் ஒருவரின் தனிப்பட்ட உறவு. இதில் சட்டக் குற்றம் ஏதுமில்லை, விவரத்துக்குள் போக எங்களுக்கு விருப்பமும் இல்லை. 2020 நவம்பரிலேயே பிரதமருக்குத் தெரிய வந்த விஷயம் 2023 ஜூலையில்தான் பதவி விலகலாக முடிந்தது. இன்னும் முன்னதாகவே நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கே நாடாளுமன்றத்தில் சொன்னார். அவர் அப்படி வெளிப்படையாகச் சொன்னதை நாங்கள் குறையாக எண்ணவில்லை.

இதெல்லாம் தனிமனிதர் விவகாரம், இதற்கும் குடியரசு பிழைப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் ஓர் அலுவலகத்துக்குள் வந்து பார்க்க வேண்டும். பதிவேட்டில் ஏறாத ஒரு டிக்கெட்டை மறைக்க ஒருவர் போதாது. நாட்குறிப்பில் அந்த மாலையை எப்படி எழுதுவது என்று உதவியாளர் யோசிக்க வேண்டும். கேள்வி கேட்காமல் இருக்க நிதிப்பிரிவு ஊழியர் பழக வேண்டும். டிக்கெட் கொடுத்தவரின் ஒப்பந்தக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி, மேலிடத்துக்கும் அவருக்கும் உள்ள நெருக்கத்தைப் பார்த்து வார்த்தையை மென்மையாக்குவார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டில், கேட்காமல் இருந்தவர்கள் பதவி உயர்வு பெறுவார்கள், கேட்டவர்கள் வேறு துறைக்குப் போயிருப்பார்கள். அடுத்த தலைவர் உத்தமராகவே வந்தாலும் அவருக்குக் கிடைக்கும் இயந்திரம் அதுதான்.

இங்கே அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போயிற்று. கொள்ளையரில் போலீஸ் துப்பறிவாளர்களே இருந்தார்கள். அப்போது ஊழலை விசாரித்துக்கொண்டிருந்ததும் போலீசின் ஒரு கிளைதான். அதனால்தான் 1952இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு தனியாகப் பிறந்தது. அந்தப் பிரிவுக்குள்ளேயே ஓர் உதவி இயக்குநர் 17 லட்சம் வெள்ளிக்கு மேல் கையாடல் செய்து 2014இல் பத்தாண்டுச் சிறை சென்றார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

நமக்குத்தான் வலுவான சட்டம் இருக்கிறதே என்ற நிம்மதி பலருக்கு உண்டு. இருக்கிறது. அரசியலமைப்பின் 22ஜி பிரிவின்படி, பிரதமர் சம்மதம் மறுத்தாலும் அதிபரின் இசைவோடு புலனாய்வுப் பிரிவின் இயக்குநர் விசாரிக்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் அது நடக்க இரண்டு ஆட்கள் வேண்டும்: பிரதமரைத் தாண்டிப் போகத் துணியும் ஓர் இயக்குநர், அவருக்குச் சரி என்று சொல்லத் துணியும் ஓர் அதிபர். அந்த இரண்டு நாற்காலியிலும் அனுசரித்துப் போகிறவர்கள் உட்கார்ந்தால், ஒரு வரிகூடத் திருத்தாமலே 22ஜி செத்துவிடும்.

ரோமானியக் குடியரசின் கடைசி நூறாண்டில் தேர்தல் லஞ்சத்துக்கு எதிராகச் சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது. கி.மு. 63இல் சிசரோ கொண்டுவந்த சட்டம் பத்தாண்டு நாடுகடத்தல் என்றது. அதே ஆண்டு, அதே குற்றத்துக்காக வழக்கில் மாட்டிய முரேனாவுக்காக வாதாடி விடுதலை வாங்கித் தந்தவரும் அதே சிசரோதான். அவர் பக்கம் அரசியல் நியாயம் இருந்திருக்கலாம். கி.மு. 27க்குள் ரோமில் குடியரசு பெயரளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது.

நம் பக்கத்து உதாரணமும் ஒன்று உண்டு. உத்திரமேரூர்க் குடவோலையை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவதோடு நிறுத்திவிடுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஏறத்தாழ கி.பி. 920. முப்பது குடும்புகள் (ஊரின் வட்டாரங்கள்), பானைக்குள் ஓலை, சிறுவன் கையால் எடுப்பு, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பெயரை ஓலையில் எழுதுவதற்கு முன்பே யாரையெல்லாம் விலக்கினார்கள் என்பதில்தான் தணிக்கைக்காரர் கண் நிற்கும். வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது. அது நிலமுடைய பிராமணர் சபை, பெண்ணுக்கும் உழைப்பாளிக்கும் அங்கே இடமில்லை, ஆகவே அதை மக்களாட்சி என்று கொண்டாட வேண்டாம். ஆனால் கணக்குக் கொடுக்கத் தாமதிப்பது ஒரு குண அடையாளம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி நீங்கள் செய்யக்கூடியவை.

முதலில் காகிதம், பிறகு பேச்சு. நேர்காணலை முதலில் வைத்தால் பேச்சில் மயங்கிவிடுவீர்கள், பிறகு வரும் காகிதத்தை அந்த மயக்கத்தோடுதான் படிப்பீர்கள். ஐந்தாண்டு வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பு, நிறுவனப் பதிவு ஆணையமான அக்ராவில் அவர் பெயரிலுள்ள இயக்குநர் பதவிகளும் பங்குகளும், கிரெடிட் பியூரோ அறிக்கை, நொடிப்பு மற்றும் வழக்குத் தேடல் ஆகியவற்றை அவர் ஒப்புதலோடு வாங்குங்கள். வாழ்க்கைத்துணையின் தொழில் தொடர்புகளையும் எழுதி வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம். அடமானமில்லாக் கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டினால் ஒரு பொதுச்சேவை ஊழியர் அறிவிக்க வேண்டியிருக்கிறது. மாதத்தில் நான்கு முறைக்கு மேல் சூதாட்டக்கூடம் போனாலும் சொல்ல வேண்டும். 50 வெள்ளிக்கு மேற்பட்ட அன்பளிப்பையும் சொல்ல வேண்டும். எழுத்தரிடம் கேட்பதைச் சட்டமியற்றப் போகிறவரிடம் கேட்டால் குறைந்துபோகாது.

இந்தக் காகிதங்களில் வழக்கமாகத் தவறவிடப்படுபவை சில. இயக்குநர் பதவியை எழுதுவார்கள், மச்சான் பெயரில் இருக்கும் பங்கை எழுத மாட்டார்கள். வங்கிக் கடன் தெரியும், நண்பர் கொடுத்த வட்டியில்லாக் கடன் தெரியாது. நிறுவனம் கட்டும் கிளப் சந்தா பதவியோடு போய்விடும் என்று விட்டுவிடுவார்கள். இவற்றைத் தனிக் கேள்விகளாகவே கேளுங்கள். "வேறு ஏதேனும் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும், அதைச் சொல்பவர் பொய்யராகவும் இருக்க மாட்டார்.

எங்களுக்கு மிகவும் பிடித்த சோதனை செலவில்லாதது. பெரும்பாலான வேட்பாளர்கள் ஏதாவது ஒரு கோயில், சங்கம், அறநிறுவனத்தில் செயலாளராகவோ பொருளாளராகவோ இருந்திருப்பார்கள். பதிவுபெற்ற அறநிறுவனம் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சமர்ப்பிக்க வேண்டும். அறநிறுவன இணையவாசலுக்குப் போய் அவர் பொறுப்பில் இருந்த ஆண்டுகளைப் பாருங்கள். ஒரு முறை தாமதம் என்றால் யாருக்கும் நடக்கும். மூன்றாண்டு தொடர்ந்து தாமதம், ஒவ்வோராண்டும் வேறு காரணம் என்றால், அவரிடம் ஓர் அமைச்சையோ நகர மன்றத்தையோ கொடுப்பதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். தணிக்கையாளர் நிபந்தனையோடு கருத்துக் கொடுத்திருந்தால், அடுத்த ஆண்டு அந்தக் குறை சரியானதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். குறை இருந்ததைவிட, அது அப்படியே கிடந்ததுதான் கெட்ட அறிகுறி.

பரிந்துரையாளர்கள் எப்போதும் மேலதிகாரிகளாகவே இருக்கிறார்கள். மேலே உள்ளவரிடம் யாரும் நன்றாகத்தான் நடப்பார்கள். ஆறு பேரிடம் கேளுங்கள்: மேலதிகாரி ஒருவர், சமநிலையில் இருந்தவர் இருவர், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் இருவர், அவரோடு ஒரு தகராறில் தோற்றவர் ஒருவர். கடைசி ஆளை வேட்பாளர் கொடுக்க மாட்டார், நீங்கள்தான் தேட வேண்டும். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "இவர் பொறுப்பில் ஏதோ ஒன்று தவறிப்போனபோது, உங்களுக்கு அது யார் மூலம், எப்போது தெரிந்தது?" அவர் வாயாலேயே தெரிந்தது என்று இரண்டு பேர் சொன்னால் நல்ல ஆள். மின்னஞ்சல் கசிந்து தெரிந்தது என்றால் உங்களுக்கும் அப்படித்தான் தெரியவரும்.

நேர்காணலில் கொள்கைக் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். இப்படி ஒன்று கொடுங்கள்: தொகுதி விருந்துக்கு ஐந்து மேசை வாங்கிக் கொடுத்த ஓர் உணவகக்காரர், ஆறு மாதம் கழித்து மக்கள் சந்திப்பில் வந்து உட்கார்கிறார். உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, கடிதம் எழுதித் தரக் கேட்கிறார். அவர் கோரிக்கையில் நியாயமும் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? "நேர்மையாக நடந்துகொள்வேன்" என்பவரிடம் அழகான வார்த்தை இருக்கிறது, வழிமுறை இல்லை. கடிதத்திலேயே மேசை விஷயத்தை ஒரு வரி எழுதுவேன், அல்லது பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் அனுப்புவேன், இன்றிரவே தொகுதிச் செயலாளருக்குத் தெரிவிப்பேன் என்று ஆளையும் நேரத்தையும் சொல்பவர் இதைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறார்.

தேர்வானபின் ஒரு பதிவேடு. அமைச்சர்கள் தங்கள் வருமானம், சொத்து, கடன்களைப் பிரதமர் வழியாக அதிபருக்கு அந்தரங்கமாக அறிவிக்கிறார்கள். மக்கள் பார்க்க முடியாது. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் 28 நாளுக்குள் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் கட்சிகள் தாங்களாகவே தொடங்கலாம். பதிவேட்டில் தேவையான கட்டங்கள்: கிடைத்த தேதி, கொடுத்தவர், அவருக்குக் கட்சியிடமோ அரசிடமோ நிலுவையிலுள்ள விவகாரம், பொருள், மதிப்பு, மதிப்பிட்டவர், திருப்பினோமா பணம் கட்டினோமா ஒப்படைத்தோமா, பதிவு செய்த தேதி. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே ஏழு நாளுக்கு மேல் போகக்கூடாது. அழிக்கும் வசதி வேண்டாம். திருத்தம் என்றால் புது வரி, பழைய வரி அப்படியே இருக்கும்.

இதில் ஏமாற்றுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். இலவச டிக்கெட்டின் மதிப்பைச் சுழியம் என்று எழுதுவது ஒன்று. விற்பனைக்கு வந்த விலையை எழுத வேண்டும், விற்பனைக்கே வராத இருக்கை என்றால் அதற்கு நெருங்கிய வகையின் விலை. குடும்பத்தில் நால்வருக்குக் கொடுத்ததை நான்கு சிறு அன்பளிப்பாகப் பிரிப்பது இன்னொன்று. கொடுத்தவர் வாரியாக ஆண்டுக் கூட்டுத்தொகை போட்டால் அது மேலே வந்துவிடும். "பழைய சிநேகிதர், பதவிக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்பது மூன்றாவது. சிநேகிதர் என்பதற்கு ஒரு கட்டம் வையுங்கள், ஆனால் வரியை விடாதீர்கள்.

நல்ல சம்பளம் கொடுத்தாயிற்றே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012 மறுஆய்வுக்குப் பின் தொடக்கநிலை அமைச்சருக்கான ஆண்டு அளவுகோல் 11 லட்சம் வெள்ளி. அது தேவையைத் தீர்க்கும், வேண்டியதுதான். இலவசக் கார்ப்பந்தய டிக்கெட்டைப் பெறுபவர் தேவை இருந்து வாங்குவதில்லை. எல்லாரும் கொடுக்கிறார்கள், மறுத்தால் மரியாதைக் குறைவு என்ற பழக்கத்தில் வாங்குகிறார்.

வெளிப்படுத்துவது மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டோம். இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் 2003 முதல் ஒவ்வொரு வேட்பாளரும் சொத்தையும் குற்ற வழக்கையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருகிறார். வழக்குள்ளவர்கள் எழுதிவிட்டு வென்றுகொண்டுதான் இருக்கிறார்கள். கட்சி அவரை நிறுத்திவிட்ட பிறகு காகிதம் ஒன்றும் செய்யாது. மறுபடியும் உங்கள் மேசைக்கே வருகிறோம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குணச் சோதனை எதிராளியை அடிக்கும் தடியாகவும் மாறும். பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம் 1986இல் கட்சிக் கணக்கு பற்றிய வழக்கில் சிறைத்தண்டனையும் 5,000 வெள்ளி அபராதமும் பெற்று நாடாளுமன்ற இடத்தை இழந்தார். தகுதியிழப்புக்கான அப்போதைய அபராத வரம்பு 2,000 வெள்ளி. அதே விவகாரத்தால் வழக்கறிஞர் தொழிலிலிருந்து நீக்கப்பட்டதை 1988இல் அப்போதைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ரத்து செய்து, அவருக்குக் கடுமையான அநீதி இழைக்கப்பட்டதாகச் சொன்னது. போன இடம் திரும்பவில்லை. தகுதியிழப்புக்கான அபராத வரம்பு 10,000 வெள்ளியாக உயர்ந்தது 2022இல்தான். ஆகவே உங்கள் சோதனை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், வேட்பாளருக்குப் பதில் சொல்ல இடம் கொடுக்கட்டும். கண்டதை எதிர்க்கட்சிக்காரரின் கதையாக வெளியே விடாதீர்கள்.

கோப்பு யாரிடம் இருக்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தேர்வாகாதவரின் காகிதங்களை மூன்று மாதத்தில் அழித்து, அழித்ததாக அவருக்கே எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை நல்லவர் யாரும் காகிதம் தர மாட்டார். தேர்வானவரின் கோப்பையும் பதிவேட்டையும் கட்சித் தலைவரோ தலைமைச் செயலாளரோ வைத்திருக்கக்கூடாது. கட்சியில் பதவி இல்லாத, தேர்தலில் நிற்காத இருவரிடம் கொடுங்கள், ஒருவராவது கணக்காளராக இருக்கட்டும். படிவத்தின் முதல் பிரதியைக் கட்சித் தலைவர் நிரப்பிக் கொடுத்துவிட்டால், புதுமுகங்களிடம் கேட்பதில் உங்களுக்குத் தயக்கம் இருக்காது. கட்டங்கள் போட்ட மாதிரிப் படிவம் எங்களிடம் தயாராக இருக்கிறது. எந்தக் கட்சி கேட்டாலும் தருகிறோம்.

இப்படிக்கு,
தணிக்கை, சட்டம், பொதுச்சேவைத் துறைகளில் பணியாற்றும் சிங்கப்பூர்த் தமிழர் சிலர்